செக்யூரிட்டி மேஜையில் ஓர் எலுமிச்சம்பழம்

காலை எட்டு மணி பன்னிரண்டு நிமிடம். ஆம்பூரைத் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஷூ தொழிற்சாலையின் வாசல். நான் முதலில் பார்த்தது செக்யூரிட்டி மேஜை மேல் இருந்த ஓர் எலுமிச்சம்பழத்தை. நன்றாகப் பழுத்தது. ஒரு பக்கம் நகத்தால் கீறியிருந்தது. பக்கத்தில் ஒரு பதிவேடு, இரண்டு தீப்பெட்டிகள், ஓர் ஊக்கு, பாதி தின்ற கடலை மிட்டாய். பதிவேட்டைத் தவிர மற்றவை உள்ளே கொண்டுபோகக் கூடாத பொருள்கள்.

பவானியை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். இரு சக்கர வாகனங்கள் நிறுத்தும் இடத்தில், தரையில், முழங்காலில் நெற்றியை வைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு ஷமீம் நின்றிருந்தார். இருவரும் ஒரே லைனில் ஷூவின் மேல்பாகம் தைப்பவர்கள், ஒரே கம்பெனி பஸ்ஸில் வருபவர்கள். நீல மேல்சட்டை போட்ட பெண்கள் வரிசையாக அவர்களைக் கடந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் நிற்கவில்லை. எட்டரைக்கு ஷிஃப்ட்.

நேரத்தை இப்படிக் குறித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உளவியல் படிப்பதற்கு முன்பே வந்தது. மூன்று ஆண்டுகள் ஒரு நாளிதழின் வேலூர் நிருபராக இருந்தேன். பிறகு படித்து, வேலூரில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். வாரத்தில் இரண்டு நாள் ஆம்பூரில் கிளினிக். ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் வெற்றிகளைச் சொல்லலாம். அவை ஒன்றுக்கொன்று ஒரே மாதிரி இருக்கும். அதனால் அந்தத் திங்கட்கிழமையைச் சொல்கிறேன்.

பவானி என்பது மாற்றிய பெயர். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எழுதியதைப் போன மாதம் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரே ஓர் இடத்தில் திருத்தம் சொன்னார். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

மாதனூர் பக்கத்து ஊர்க்காரர். அப்போது முப்பத்திரண்டு வயது. கணவர் லாரியில் க்ளீனர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். ஒரே மகன், எட்டு வயது, வலிப்பு நோய் உள்ளவன். அவனுடைய மருந்தும் பரிசோதனையும் பவானியின் இ.எஸ்.ஐ. காப்பீட்டு அட்டையில் நடந்தன. வேலை போனால் அட்டையும் போகும். முதல் நாள் என் முன்னால் உட்கார்ந்தபோது தன் நோயைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைத்தான் சொன்னார்.

நோய் ஒன்றல்ல, மூன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பஸ்ஸில் நெஞ்சு படபடத்து, மூச்சு அடைத்து, செத்துவிடப் போகிறோம் என்று நினைத்திருக்கிறார். இதயத்தில் கோளாறு இல்லை என்று மூன்று முறை பார்த்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகு பஸ் ஏறும்போதெல்லாம் அந்தப் பயம். அதோடு, சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றால் கை நடுங்கியது. நடுங்குவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தையல் கோணலானது. வீட்டுக்கு வந்தால் ஓயாத கவலை: மகன் பள்ளியில் விழுந்திருப்பானா, தோல் பதனிடும் டேனரிகளின் காற்று தன் நுரையீரலை அரித்திருக்குமா, கணவரின் லாரி எங்கே நிற்கிறது. பீதிக் கோளாறு, சமூகப் பதற்றம், பொதுப் பதற்றம் என்று கோப்பில் மூன்று பெயர்கள் எழுதினோம். மருத்துவர் ஒரு மாத்திரை கொடுத்தார். சம்பளமில்லா விடுப்பு இரண்டு மாதம் கிடைத்தது. அது முடியும் திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று தொழிற்சாலை கடிதம் கொடுத்திருந்தது.

பயப்படும் இடத்துக்கே ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய் நிறுத்துவது நம் சிகிச்சை. அதன் நடைமுறை உங்களுக்குத் தெரியும், விட்டுவிடுகிறேன். மூன்று நோய்க்கு மூன்று ஏணி, அதாவது படிப்படியான பயிற்சிப் பட்டியல், போட்டேன். பஸ்ஸுக்கு ஒன்று, பிறர் பார்வைக்கு ஒன்று, கவலைக்கு ஒன்று. கோப்பில் பார்க்க ஒழுங்காக இருந்தது. முதலில் நின்றிருந்த பஸ்ஸில் உட்கார்ந்தோம், பிறகு மாதனூரிலிருந்து ஆம்பூர் வரை போனோம், பிறகு கூட்டத்தில் போனோம். கிளினிக்கில் ஒரு தையல் மெஷின் போட்டு, பவானி தைக்கும்போது இரண்டு பேர் பின்னால் நின்று பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை என்று கேட்டேன். எண்பது என்றவர் அறுபது என்றார், பிறகு நாற்பது, பிறகு இருபத்தைந்து. எண்களை எழுதிக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் நடந்த பன்னிரண்டு சந்திப்புகளிலும் பவானியின் கையிலோ மடியிலோ ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. என் குறிப்புகளில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ஏன் என்று சொல்கிறேன். அந்தப் பக்கத்துக் கம்பெனி பஸ்ஸில் எலுமிச்சம்பழம் இல்லாத பெண்கள் குறைவு. விடியற்காலையில் சமைத்துவிட்டு, தான் சாப்பிடாமல் ஓடி வந்து ஏறுவார்கள். டேனரிகளைத் தாண்டும்போது வயிற்றைப் புரட்டும். பழத்தை முகர்ந்துகொள்வார்கள். நானும் அந்தப் பக்கத்தில் வளர்ந்தவள்தான். பள்ளிக்குப் போன பஸ்ஸில் என் பையிலும் ஒன்று இருந்தது. பழக்கப்பட்ட பொருள் கண்ணில் படாது. செய்தி ஆசிரியர் ஒருவர் இதற்காகவே என் செய்திகளைத் திருப்பித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அப்படியும் விட்டுவிட்டேன்.

பயிற்சிக்கு வந்திருந்த நாகர்கோவில் பெண் ஒருத்தி விடவில்லை. ஐந்தாவதோ ஆறாவதோ பஸ் பயணம் முடிந்து இறங்கியதும் தனியாகக் கேட்டாள். "மேடம், பஸ்ஸ விட்டு எறங்குன பெறவும் அவங்க ஏன் அத கீழ வைக்கவே மாட்டேங்குறாங்க?"

"இந்தப் பக்கம் எல்லாரும் வச்சிருப்பாங்கம்மா" என்றேன்.

அவள் நோட்டை மூடிவிட்டாள்.

இனி வாசலுக்கு வருகிறேன். முதல் நாள் நான் கேட்டில் இருப்பேன் என்று தொழிற்சாலையோடு பேசி வைத்திருந்தேன். பஸ் எட்டு ஐந்துக்கு வந்துவிட்டது. நான் ஏழு நிமிடம் தாமதம். அதற்குள் நடந்ததை செக்யூரிட்டி சொன்னார். குடியாத்தம் பக்கத்து முன்னாள் ராணுவத்தார், குற்றவாளிபோல எழுந்து நின்றார். பவானி விடுப்பில் இருந்தபோது புது விதி வந்திருக்கிறது. வெளிர் நிறத் தோல் ஒன்றில் ஏதோ கறை விழுந்து சரக்குத் திரும்பி வந்ததாம். அன்றிலிருந்து தின்பண்டம், பழம் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. முன்பெல்லாம் பவானி பழத்தை மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லைனில் உட்காருவாராம்.

"நான் திட்டக்கூட இல்ல மேடம். பழத்த வச்சிட்டுப் போம்மான்னு சொன்னேன். அப்படியே உக்காந்துடுச்சு அந்தப் பொண்ணு."

நான் பவானியிடம் போவதற்குள் ஷமீம் என்னைத் தடுத்தார்.

"அது இல்லாம அவ வரமாட்டா மேடம். ரெண்டு வருஷமா வச்சினு இருக்கா. தூங்கசொல்லகூட தலகாணி அடியில. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. இரண்டு மாதம் எல்லாவற்றையும் கேட்டவள் அதைக் கேட்கவில்லை.

பவானியின் அருகில் உட்கார்ந்தேன். அந்தப் பழம் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். முகத்தைத் தூக்காமலே, விட்டு விட்டுச் சொன்னார். முகர்ந்தால் மூச்சு திரும்பி வரும். டேனரிக் காற்று நெஞ்சுக்குள் போகாது. கையில் எதையாவது இறுக்கிப் பிடித்திருந்தால் நடுக்கம் வெளியே தெரியாது. கடைசியில் ஒன்று சொன்னார்:

"யாராச்சும் பாத்தாலும், வாந்தி வர்றவ போலன்னு நெனச்சிப்பாங்க. பைத்தியம்னு நெனைக்கமாட்டாங்க."

நான் மூன்று ஏணி போட்டிருந்தேன். மூன்றிலும் பவானி ஒரே பழத்தைப் பிடித்துக்கொண்டு ஏறியிருந்தார். இறங்கிய எண்கள் எல்லாம் பழத்தோடு வந்த எண்கள். தண்ணீர் பாட்டில், மாத்திரைப் பட்டை, கணவரின் போன் எண், இவற்றைப் பாதுகாப்புப் பழக்கங்கள் என்று நான் வகுப்பில் எத்தனையோ முறை பட்டியல் போட்டிருக்கிறேன். நோயாளிக்கு இரண்டு மூன்று பதற்ற நோய்கள் சேர்ந்திருந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவாக அவர் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று முதலில் தேடுங்கள். நான் தேடவில்லை.

எட்டு இருபத்தொன்றுக்கு எச்.ஆர். இளைஞர் வந்தார். நல்ல பையன். நிலைமையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். எட்டரைக்குள் வருகை பஞ்ச் ஆகாவிட்டால் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றார். பிறகு மேஜையைக் காட்டி, "இன்னிக்கு ஒரு நாள் எடுத்துனு போகட்டும் மேடம். நான் சொல்லிக்கிறேன். பழம்தானே" என்றார்.

செக்யூரிட்டி உடனே பழத்தை எடுத்து நீட்டினார். ஷமீமும் கையை நீட்டினார். மூன்று பேருமே பவானியின் நல்லதை நினைத்தவர்கள். ஒன்பது நிமிடம் இருந்தது.

நம் தொழிலில் தவறான முடிவுகள் பெரும்பாலும் இப்படித்தான் வரும், யாரோ ஒருவர் இரக்கப்பட்டு உதவிக்கு வரும்போது. பழத்தைக் கொடுத்தால் பவானி உள்ளே போவார். பழம்தான் தன்னை உள்ளே கொண்டுபோனது என்று மனதில் பதியும். நாளைக்கு விதி மாறாது. நாளை மறுநாள் வேறு செக்யூரிட்டி இருப்பார். இது ஒரு பக்கம். கொடுக்காவிட்டால், வேலை போகலாம், அட்டை போகலாம், பையனின் மருந்து நிற்கலாம். அதில் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. நான் வேலூருக்குத் திரும்பிப் போய் ஒரு குறிப்பு எழுதுவேன். எனக்கு நஷ்டமில்லாத விஷயத்தில் நான் துணிச்சல் காட்டக் கூடாது.

அப்போது எனக்குக் கைகொடுத்தது உளவியல் இல்லை. கெடு என்று யாராவது சொன்னால், அது யார் வைத்த கெடு, உண்மையில் எப்போது முடிகிறது என்று கேட்பது நிருபர் வேலை. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எச்.ஆர். இளைஞரைக் கேட்டேன். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும் என்று இருந்தது. எத்தனை மணிக்கு என்று இல்லை. மதியம் அரை நாளாக வருபவர்கள் எப்போது பஞ்ச் செய்கிறார்கள் என்று கேட்டேன். ஒரு மணிக்குள் என்றார். அரை நாள் வந்தாலும் சேர்ந்ததாகுமா? அவருக்குத் தெரியவில்லை. மேலாளருக்கு போன் போட்டார். ஆகும் என்று பதில் வந்தபோது எட்டு இருபத்தேழு.

பவானியிடம் இரண்டு விஷயங்கள் சொன்னேன். பழத்தை இரண்டு மாதமாகப் பார்த்தும் கேட்காமல் விட்டது என் தவறு, அவருடையதில்லை. இப்போது பழத்தோடு உடனே உள்ளே போகலாம், அல்லது பழமில்லாமல் இங்கேயே இருந்து பார்த்து, முடிந்தால் ஒரு மணிக்குப் போகலாம். எதைச் செய்தாலும் நான் கூட இருப்பேன்.

"ஒரு மணிக்கும் முடியலன்னா?"

"அப்ப பழத்த எடுத்துனு போலாம்" என்றேன். எச்.ஆர். இளைஞர் தலையசைத்தார்.

செக்யூரிட்டி பழத்தைத் திரும்ப மேஜையில் வைத்தார். பவானி அதைப் பார்த்தார். ஷமீமைப் பார்த்து, "நீ போக்கா, உனக்கு லேட்டாவுது" என்றார். ஷமீம் ஓடினார். சங்கு ஊதியது. கேட்டின் சின்னக் கதவு மூடியது.

எட்டு நாற்பதுக்கு, பயம் எத்தனை என்று கேட்டேன். தொண்ணூற்றைந்து என்றார். பவானி திருத்திய இடம் இதுதான். "நூறு மேடம். நீங்க பயந்துடுவீங்கன்னு தொண்ணூத்தஞ்சு சொன்னேன்" என்றார் போன மாதம். எண்களை எழுதிக்கொள்ளும் உங்களுக்காக இதை அப்படியே வைத்திருக்கிறேன்.

எட்டு ஐம்பதுக்கு எழுந்து சாலைப் பக்கம் நடந்தார். நானும் நடந்தேன். பிடித்து நிறுத்தவில்லை. பஸ் நிறுத்தம் வரை போனார். மாதனூர் வழியாகப் போகும் பஸ் ஒன்று வந்து நின்று, அவர் ஏறாமல் புறப்பட்டது. திரும்பி வந்து செக்யூரிட்டி மேஜைக்கு அருகில் உட்கார்ந்தார். ஏன் திரும்பினார் என்று இன்றுவரை கேட்டதில்லை. ஒன்பதரைக்குக் காற்று மாறி, டேனரி வாடை வந்தது. துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினார். கொஞ்ச நேரத்தில் தானாகவே எடுத்தார். பதனிடாத பச்சைத் தோல் ஏற்றிய லாரி ஒன்று எங்கள் முன்னால் திரும்பியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பவானி அசையவில்லை. பழம் நாலு அடியில் மேஜை மேல் இருந்தது. எடுத்து மறைத்துவிடட்டுமா என்று செக்யூரிட்டி சைகையில் கேட்டார். வேண்டாம் என்றேன்.

பத்து மணிக்கு நான் இன்னொரு தவறு செய்தேன். வெயில் ஏறியிருந்தது. அவர் உதடு வறண்டிருந்தது. என் பாட்டிலை நீட்டி ஒரு வாய் குடிக்கச் சொன்னேன்.

பவானி பாட்டிலையும் என்னையும் பார்த்தார். "இப்ப வேணாம் மேடம். தாகமில்ல. அப்புறம் இதுவும் பழம் மாதிரி ஆய்டும்."

பாட்டிலைப் பைக்குள் வைத்தேன்.

பத்தரைக்கு டீ இடைவேளை. பெண்கள் கேண்டீனுக்குப் போகும் வழி கேட்டின் கம்பிகளுக்குப் பின்னால் தெரியும். பலர் நின்று பார்த்தார்கள். பவானியின் லைன் சூப்பர்வைசரும் பார்த்தார். பவானிக்குக் கை நடுங்கியது. கையில் எதுவும் இல்லாததால் நன்றாகத் தெரிந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "இன்னா பவானி, உன்ன கேட்டுக்கு வேல மாத்திட்டாங்களா?"

சிலர் சிரித்தார்கள். நான் பவானியைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தேன்.

"ஆமா" என்றார் பவானி. "உன் பையத்தான் செக் பண்ணச் சொன்னாங்க. இன்னாத்த திருடினு போறே, காட்டு."

அந்தப் பெண் பலமாகச் சிரித்தாள். சூப்பர்வைசர்கூடச் சிரித்தார். எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். பவானி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நடுங்குது மேடம்" என்றார். "பாத்துட்டாங்க."

"பாத்தாங்க" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல."

பதினொரு மணிக்கு எழுபது. பதினொன்றரைக்கும் எழுபது. அது எழுபதிலேயே நின்றுவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. பேச்சுக் கொடுத்து அவர் கவனத்தைத் திருப்பவும் இல்லை, மூச்சை இழுத்துவிடச் சொல்லவும் இல்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒருவர் பக்கத்தில் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது நம் வேலையில் கடினமான பகுதி. பன்னிரண்டரைக்கு நாற்பத்தைந்து. மகன் இந்நேரம் பள்ளியில் சாப்பிட்டிருப்பான் என்றார். விழுந்திருப்பானோ என்று சேர்த்துச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு எச்.ஆர். இளைஞர் வந்து நின்றார். பவானி எழுந்து, மேல்சட்டையின் பின்பக்க மண்ணைத் தட்டினார். மேஜைக்கு வந்தார். பழத்துக்குப் பக்கத்தில் இருந்த பதிவேட்டில் பெயர் எழுதினார். எழுத்து கோணலாக இருந்தது. பையைத் திறந்து காட்டினார்.

"இத இன்னா பண்றது?" என்று செக்யூரிட்டி பழத்தைத் தொட்டுக் கேட்டார். "சாயங்காலம் போகசொல்ல வாங்கிக்கிறியாம்மா?"

பவானி, "தெரியல சார்" என்றார். "சாயங்காலம் சொல்றேன்."

சின்னக் கதவு திறந்தது. பஞ்ச் மெஷினின் சத்தம் வெளியே கேட்டது. பன்னிரண்டு ஐம்பத்தாறு. எச்.ஆர். இளைஞர் தன் பதிவேட்டில் அரை நாள் என்று எழுதினார்.

வேலூர் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் மேஜைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து குறிப்பு எழுதினேன். செக்யூரிட்டி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். ஒன்று பத்துக்கு அந்தப் பழத்தை அறுத்து, தண்ணீர் பாட்டிலில் பிழிந்து, உப்புப் போட்டுக் குலுக்கிக் குடித்தார்.